எத்தியோப்பியாவின் ஹாம்லின் மருத்துவமனை: தொடங்கிய குடும்பம் போன பின்பும் தொண்டு நிற்குமா?

1. தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்கு நான்கு ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளை அறிந்தவர்களுக்குக் கைப்பிடி அரிசிக் காணிக்கையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவைத்து, மாதக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவந்து, அதை விற்று வரும் பணத்தை ஏதாவது ஓர் ஊழியத்துக்குக் கொடுப்பது எங்கள் பாட்டிமார் காலத்து வழக்கம். இப்போது பெரும்பாலோர் அரிசிக்குப் பதில் பணமாகவே தந்துவிடுகிறார்கள் என்றாலும், பெயர் மட்டும் மாறவில்லை.

சென்ற மாதக் கூட்டத்தில் பேச வந்த ஒரு சகோதரி, எத்தியோப்பியாவில் பணியாற்றிய ரெஜினால்ட் ஹாம்லின், கேத்தரின் ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதியரைப் பற்றிச் சொன்னார். பிரசவத்தின்போது உள்ளுறுப்பு கிழிந்து, சிறுநீர் ஓயாமல் கசிவதால் வீட்டாரால் ஒதுக்கப்பட்ட பெண்களுக்காக அவர்கள் ஒரு மருத்துவமனையைக் கட்டியதைக் கேட்டு எங்கள் பெண்கள் அழுதேவிட்டார்கள். இந்த ஆண்டுக் காணிக்கை முழுவதையும் அங்கே அனுப்ப வேண்டும் என்று அன்றைக்கே பேச்சு எழுந்தது.

அழுகை வந்தவுடன் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பின்னர் வருந்திய அனுபவம் எங்களுக்கு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு, கணவனும் மனைவியுமாக நடத்திய ஒரு சிறிய மருத்துவ ஊழியத்துக்கு எங்கள் ஐக்கியம் தொடர்ந்து உதவியது. பெரியவர் இறந்ததும், கட்டடமும் நிலமும் அவர் பெயரிலேயே இருந்தது தெரியவந்தது. பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நாங்கள் அனுப்பிய கடைசி மணியார்டர் திரும்பி வந்தது. அந்தக் காகிதத்தை இன்றும் கணக்கு நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

ஆகவே கேட்கிறேன். ஹாம்லின் தம்பதியர் இருவரும் இன்று இல்லை. ஒரு குடும்பத்தின் விசுவாசத்தையும் உழைப்பையும் நம்பி எழும்பிய தொண்டு, அந்தக் குடும்பத்துக்குப் பின் எப்படி நடக்கிறது? ஆப்பிரிக்காவை நேரில் அறிந்தவர்களும் மருத்துவம் அறிந்தவர்களும் இருந்தால் சொல்லுங்கள்.

2. லேபர்வார்டு

அம்மா, நான் அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக இருந்தவள். முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குரிய ஃபிஸ்டுலா என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர்கள் ஆசனவாயில் வரும் பௌத்திரத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இது வேறு. வார்டில் நாங்கள் இதை விவிஎஃப் என்போம். சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே விழும் ஓட்டை. சிலருக்கு மலக்குடல் பக்கமும் ஓட்டை விழும்.

இது கத்திப்பட்டோ கிழிந்தோ வருவதில்லை, நசுங்குவதால் வருகிறது. பிள்ளையின் தலை தாயின் இடுப்பெலும்புக்குள் மாட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் அப்படியே நின்றுவிட்டால், தலைக்கும் எலும்புக்கும் நடுவே அகப்பட்ட சதைக்கு இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. பிள்ளை பெரும்பாலும் வயிற்றிலேயே இறந்துவிடும். தாய் பிழைத்துக்கொண்டால், சில நாள் கழித்துச் செத்த சதை உதிர்ந்து ஓட்டை விழும். அன்றிலிருந்து இரவும் பகலும் சிறுநீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். காலுக்குப் போகும் நரம்பும் நசுங்கியிருந்தால் பாதம் தொங்கிப்போய் நடக்கவும் முடியாது. ஒழுகல் நின்றுவிடும் என்ற நினைப்பில் மாதக்கணக்கில் காலை மடக்கிச் சுருண்டு படுத்திருந்து, கால் முட்டியே நீட்ட முடியாமல் போன பெண்களும் உண்டு.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பத்தொன்பது வயது இருக்கலாம். வார்டுக்குள் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று, வராந்தாவின் கடைசியில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட்டை விரித்து அவளாகவே உட்கார்ந்துகொள்வாள். தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்க மாட்டாள், குடித்தால் இன்னும் ஒழுகுமே என்ற பயம். குடிக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகித் தோலை அரித்துவிடும், நிறையக் குடி என்று நாங்கள் கெஞ்ச வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் இன்று இந்த வகைப் பிரசவ விவிஎஃப் அரிதாகிவிட்டது. கர்ப்பப்பை அறுவையில் நேர்ந்த காயத்தால் வருவதைத்தான் இப்போது அதிகம் பார்க்கிறோம். ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனைக்கு வந்துவிட்டதும், இரவிலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும், 2008-இல் வந்த 108 வண்டியும்தான் அதற்குக் காரணம். அறுவை மருத்துவர்கள் திறமையால் இந்த நோய் ஒழிந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

3. கேள்விக்குறி

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு. உங்கள் பெண்களின் கண்ணீரை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வெள்ளைக்காரத் தம்பதியர் ஆப்பிரிக்காவுக்குப் போய்க் கறுப்பினப் பெண்களை மீட்டெடுத்தார்கள் என்ற கதையின் அச்சு மிகப் பழையது. அந்தக் கதையில் மருத்துவருக்கு முகமும் பெயரும் இருக்கும். நோயாளிக்கு நன்றிக் கண்ணீர் மட்டும்தான் இருக்கும். மருத்துவமனைக் கட்டில் வேதாகமத்தை நீட்டுவதற்கான இடமாக இருந்த வரலாற்றையும் நாம் மறந்துவிட முடியாது. நாட்டின் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையைத் தனியார் தருமம் செய்யத் தொடங்கினால், அரசாங்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையும் நிறுத்திவிடும் என்பது என் அடுத்த அச்சம். இம்மூன்றுக்கும் விடை இல்லாமல் பணம் அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

4. தானா ஏரி

நான் எத்தியோப்பியாவின் பஹிர்தார் நகரில் ஆறு ஆண்டுகள் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தவன். இரண்டாயிரத்துக்குப் பின் அந்நாட்டில் புதிய பல்கலைக்கழகங்கள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டபோது, தமிழ்நாட்டின் பொறியியல், கலைக் கல்லூரிகளிலிருந்து எங்களைப் போலப் பலர் அங்கே வேலைக்குப் போனோம். அதற்கும் முன்பே, பேரரசர் ஹைலே செலாசி காலத்திலேயே, இந்திய ஆசிரியர்கள் அங்கே பள்ளிகளில் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ‘என் கணக்கு வாத்தியார் இந்தியர்’ என்று சொல்லும் முதியவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

நண்பர் கேள்விக்குறியின் மதமாற்ற ஐயத்துக்கு அங்கே வாழ்ந்தவன் என்ற முறையில் ஒரு விளக்கம். எத்தியோப்பியாவின் அக்சும் அரசு நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்றது. இங்கிலாந்தில் திருச்சபை வேரூன்றுவதற்கு முந்தைய கதை அது. புதன், வெள்ளி தவறாமல் புலால் விலக்கி நோன்பிருக்கும் ஆர்த்தடாக்ஸ் மக்களிடம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆங்கிலிக்கன் மருத்துவர் புதிதாக அறிமுகப்படுத்த எதுவும் இல்லை. ஹாம்லின் மருத்துவமனைகளின் நோயாளிகளில் ஆர்த்தடாக்ஸ் பெண்களும் உண்டு, முஸ்லிம் பெண்களும் உண்டு. சிகிச்சை எல்லோருக்கும் இலவசம். இன்னொன்று, ஹாம்லின் தம்பதியர் எந்த மிஷன் சங்கமும் அனுப்பி வந்தவர்கள் அல்லர். எத்தியோப்பிய அரசு கொடுத்த விளம்பரத்தைப் பார்த்து, மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்க மூன்றாண்டு ஒப்பந்தத்தில், ஆறு வயது மகனுடன் 1959-இல் அடிஸ் அபாபாவில் வந்து இறங்கியவர்கள். விசுவாசம் அவர்களுடையது, அழைப்பு அரசாங்கத்துடையது.

பஹிர்தாரிலும் அவர்களது கிளை மருத்துவமனை ஒன்று உண்டு. நான் அதற்குள் போனதில்லை. ஆண்கள் வேடிக்கை பார்க்கப் போகும் இடமும் அன்று. ஆனால் பேருந்து நிலையத்தில் ஒரு காட்சியை இரண்டு மூன்று முறை கண்டேன். கிராமத்திலிருந்து வந்த பெண், தோளில் வெள்ளைத் துணி போர்த்தி, எல்லோரும் இறங்கும் வரை இருக்கையை விட்டு எழாமல் இருப்பாள். அவள் எழுந்த பின் நடத்துநர் அந்த இருக்கையின் மீது தண்ணீர் ஊற்றுவார். அதைக் காணாதவள்போல அவள் நேராகப் போய் ஒரு பஜாஜில் ஏறுவாள். (அங்கே ஆட்டோவுக்குப் பெயரே பஜாஜ்தான். நம் ஊர் வண்டி அங்கே ஓடுவதைப் பார்த்து முதல் நாள் மகிழ்ந்துபோனேன்.)

அந்த மேட்டுநிலத்தின் புவியியலை நேரில் பார்த்தால்தான் இந்த நோய் புரியும். ஒரு சமவெளி முடிந்து பெரும் பள்ளம், பள்ளத்தைத் தாண்டி மறுபடியும் சமவெளி. எதிரே கண்ணுக்குத் தெரியும் ஊருக்கு நடந்துபோக அரை நாள் ஆகும். வலி வந்த பெண்ணைக் கழிகளில் கட்டிய கட்டிலில் கிடத்தி, நான்கு பேர் மாறி மாறித் தூக்கிக்கொண்டு தார்ச்சாலைக்கு வந்து, அங்கே ஏதாவது லாரி நிற்குமா என்று காத்திருக்க வேண்டும்.

5. பழுப்பேடு

தானா ஏரி ஐயா தொட்ட வரலாற்றை நான் சற்று விரிக்கிறேன்.

ஹாம்லின் தம்பதியர் முதலில் வேலைக்குச் சேர்ந்த மருத்துவமனையின் பெயர் இளவரசி செஹாய் நினைவு மருத்துவமனை. செஹாய், பேரரசரின் மகள். லண்டனில் செவிலியராகப் பயிற்சி பெற்றவர். 1942-இல் பேறுகாலச் சிக்கலில் இறந்தார். அரச குடும்பத்தில் பிறந்து, மருத்துவமும் அறிந்த பெண்ணுக்கே அந்த நாட்டில் அன்று அதுதான் நிலை.

கேத்தரின் 1924-இல் சிட்னியில் பிறந்தவர். ரெஜினால்ட் நியூசிலாந்துக்காரர், அவரைவிடப் பதினாறு வயது மூத்தவர். அடிஸ் அபாபாவுக்கு வரும் வரை இந்த நோயை இருவருமே நேரில் பார்த்ததில்லை, ஏனென்றால் அவர்கள் நாட்டில் அது மறைந்துபோயிருந்தது. பாடப்புத்தகங்களையும் படங்களையும் வைத்துத்தான் அறுவை முறையைக் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் கெய்ரோவின் மகப்பேறு மருத்துவர் நகீப் மஹ்ஃபூஸ். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவரான அவர் பிரசவம் பார்த்துப் பிறந்த குழந்தைக்குத்தான் அவர் பெயரே சூட்டப்பட்டு, அக்குழந்தை பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியரானது. ஆகவே ‘வெள்ளையர் கொண்டுவந்த அறிவு’ என்பதில்கூட ஆப்பிரிக்கப் பங்கு உண்டு என்பதைக் கேள்விக்குறி அவர்களின் கவனத்துக்கு வைக்கிறேன்.

அவரது ஐயத்துக்கு ஆதரவான உண்மையையும் நானே சொல்லிவிடுகிறேன். இந்த அறுவையை முறைப்படுத்தியவர் என்று நெடுங்காலம் புகழப்பட்டவர் அமெரிக்காவின் மேரியன் சிம்ஸ். 1845 முதல் 1849 வரை அலபாமாவில் அடிமைப் பெண்களின் உடம்பில், மயக்கமருந்து கொடுக்காமல், திரும்பத் திரும்ப அறுத்துப் பார்த்துத்தான் அவர் அதைக் கற்றார். அனார்கா என்ற பெண்ணுக்கு மட்டும் ஏறத்தாழ முப்பது அறுவைகள். நியூயார்க்கின் மத்தியப் பூங்கா ஓரத்தில் நின்ற அவரது சிலை 2018-இல் அகற்றப்பட்டது. கறுப்பினப் பெண்ணின் உடம்பைப் பாடப்புத்தகமாக்கிய பாவம் இந்தத் துறையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தான், அதே அறுவையில் நோயாளியாக வந்த ஒருத்தி அறுவை செய்பவளாக மாறிய கதையை எளிதில் ஒதுக்க முடியவில்லை.

அவர் பெயர் மாமிட்டு காஷே. மேட்டுநிலக் கிராமம் ஒன்றிலிருந்து, சிறுவயதில் மணமாகி, முதல் பிரசவத்தில் உடைந்துபோய், 1962-இல் ஹாம்லின் தம்பதியரிடம் வந்தார். பல அறுவைகளுக்குப் பிறகும் முழுக் குணம் கிடைக்கவில்லை, ஊர் திரும்பவும் இல்லை. வார்டில் படுக்கை விரித்தார், புதிதாக வந்த பெண்களைக் குளிப்பாட்டினார், அறுவைக் கூடத்தில் கருவிகளை எடுத்துக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்ணின் கைத்திறமையைக் கவனித்த ரெஜினால்ட், அவரைத் தையலிட அனுமதித்து, படிப்படியாக முழு அறுவையையும் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் வெளிநாட்டு மருத்துவர்களே அவரிடம் பாடம் கேட்டார்கள். லண்டனின் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரி 1989-இல் ஹாம்லின் தம்பதியருக்கு வழங்கிய தங்கப் பதக்கத்தில் மாமிட்டுவுக்கும் பங்கு இருந்தது.

1974-இல் தனி மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் பேரரசர் கவிழ்க்கப்பட்டு இராணுவக் குழு ஆட்சிக்கு வந்தது. வெளிநாட்டவர் பலர் வெளியேறிய அந்தப் பதினேழு ஆண்டுகளிலும் தம்பதியர் அங்கேயே இருந்தார்கள். ரெஜினால்ட் 1993-இல் இறந்தார். கேத்தரின் மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே ஒரு மண்சுவர் வீட்டில் வாழ்ந்து, தொண்ணூறு வயதைத் தாண்டியும் அறுவைக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்து, 2020 மார்ச்சில் தமது 96-ஆம் வயதில் காலமானார்.

6. கேள்விக்குறி

ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைப் பற்றிய விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். மதமாற்ற ஐயத்தை இந்த அளவில் திரும்பப் பெறுகிறேன். சிம்ஸைப் பற்றி நேர்மையாகச் சொன்ன பழுப்பேடு அவர்களுக்கும் நன்றி.

ஆனால் மாமிட்டுவின் கதையே எனக்கு உறுத்துகிறது. எழுத்தறியாத ஒரு பெண் உடம்பைத் திறந்து அறுவை செய்ய சிட்னியில் அனுமதித்திருப்பார்களா? அங்கே கூடாதது அடிஸ் அபாபாவில் எப்படிக் கூடியது? ஏழை நாட்டு நோயாளிக்கு இது போதும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறதா இல்லையா? அழகான கதை என்பதால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

7. லேபர்வார்டு

தம்பி, கேள்வி நியாயமானது, ஆனால் அதைக் கேட்கும் இடம் அறுவைக் கூடத்துக்கு வெளியே இருக்கிறது. இந்த அறுவை பெரிய இயந்திரங்களால் ஆவதில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, தலைப்பக்கம் தாழ்த்திய மேசையில் படுக்கவைத்து, தழும்பேறி இறுகிய சதையை ஓட்டையைச் சுற்றி மெதுவாகப் பிரித்தெடுத்து, இழுபடாமல் தைக்க வேண்டும். இழுபட்டால் தையல் விட்டுவிடும். ஓட்டை எங்கே இருக்கிறது, சிறுநீர்க் குழாய்களின் வாய் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை விரல் அறிய வேண்டும். அது நூறு, இருநூறு பேருக்குச் செய்த பிறகு வருவது. முதுநிலைப் பட்டம் பெற்ற மருத்துவர்கள் பலர் வாழ்நாளில் பத்து விவிஎஃப்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

அறுவைக்குப் பின் ஏறக்குறைய இரண்டு வாரம் சிறுநீர் வடிய கதீட்டர் குழாய் இருக்கும். அந்தப் பதினான்கு நாளும் குழாய் அடைக்காமல், மடங்காமல் பார்த்துக்கொள்வது முழுக்க முழுக்கச் செவிலியர் வேலை. ஒரு இரவு குழாய் அடைத்துக்கொண்டு சிறுநீர்ப்பை உப்பினால் தையல் எல்லாம் போச்சு. ஒழுகலின் வேதனையை உடம்பால் அறிந்தவள்தான் நடுச்சாமத்தில் எழுந்து அந்தக் குழாயை ஒழுங்காகப் பார்ப்பாள். அங்கே பழைய நோயாளிகளையே உதவிச் செவிலியராகப் பழக்கி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்று நான் படித்தபோது, ‘இது தெரிந்தவர் போட்ட ஏற்பாடு’ என்று நினைத்தேன்.

ஓட்டை மூடினால் எல்லாம் சரி என்றும் நினைக்காதீர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு ஓட்டை மூடிவிடலாம். அவர்களுள் சிலருக்கு அதற்குப் பிறகும் இருமினால், எழுந்தால் ஒழுகும். மூடும் தசையே போயிருக்கும். சிறுநீரைப் பிடிக்க வயிற்றின் வெளிப்பக்கம் பை மாட்டி வாழ வேண்டிய பெண்களும் உண்டு.

8. தானா ஏரி

அந்தக் கடைசி வகைப் பெண்களுக்காக அடிஸ் அபாபாவுக்கு வெளியே 2002 வாக்கில் ஓர் ஊரையே அமைத்தார்கள். பெயர் தெஸ்தா மெந்தெர். அம்ஹாரிக் மொழியில் தெஸ்தா என்றால் மகிழ்ச்சி, மெந்தெர் என்றால் ஊர். அந்த ஊர் பின்னர், தைத்தல், சமைத்தல், பண்ணை வேலை, சிறு வியாபாரம் எனத் தொழில் பழகிக்கொண்டு வெளியே போவதற்கான இடமாக மாறியது. கிறிஸ்தவத் தொண்டு என்ற அளவில் இதுதான் எனக்குப் பிடித்த திருப்பம். காலம் முழுவதும் பாதுகாத்து வைத்திருப்பது எளிது. வெளியே அனுப்புவதற்குத்தான் துணிவு வேண்டும்.

குணமாகி வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு புதிய ஆடையும் பேருந்துக் கட்டணமும் தருகிறார்கள். வார்டில் இருக்கும்போது போர்த்திக்கொள்ள, வண்ண வண்ணச் சதுரங்களை இணைத்துப் பின்னிய கம்பளிப் போர்வைகள் வெளிநாட்டுப் பெண்களிடமிருந்து வருகின்றன. அவர்களது புகைப்படங்களில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

அம்மாவின் அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். தலைநகரில் ஒரே மருத்துவமனை என்பதோடு நின்றிருந்தால் கேத்தரினுக்குப் பின் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. 2005-இல் பஹிர்தாரில் தொடங்கி, மெக்கெலே, யிர்கலெம், ஹரார், மெட்டு என ஐந்து ஊர்களில் கிளைகள் எழும்பின. 2007-இல் மருத்துவச்சிகளுக்கான கல்லூரி திறக்கப்பட்டது. 1959-இல் எதற்காக வந்தார்களோ, அந்த வேலையை நாற்பத்தெட்டு ஆண்டுகள் சுற்றிவந்து கையில் எடுத்தார்கள் என்று சொல்லலாம். கிராமப்புறப் பெண்களையே தேர்ந்தெடுத்து, நான்கு ஆண்டு பட்டப்படிப்புக் கொடுத்து, அவரவர் பகுதியின் சுகாதார நிலையங்களுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இதுவரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்த மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். இன்று அறுவை செய்பவர்களும் நிர்வாகத்தைப் பார்ப்பவர்களும் எத்தியோப்பியர்களே. மெக்கெலே, 2020 நவம்பர் முதல் இரண்டு ஆண்டுகள் போரின் நடுவே கிடந்த நகரம். அங்கே மருத்துவம் பார்ப்பது எப்படியிருந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. என் மாணவர்கள் சிலரிடமிருந்து அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் ஒரு செய்தியும் வரவில்லை.

9. கணக்குப்பிள்ளை

நான் பட்டயக் கணக்காளன். சபைகள், அறக்கட்டளைகள் பலவற்றுக்குத் தணிக்கை செய்கிறேன். உருக்கமான பதிவுகளுக்கு நடுவே வறண்ட செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

அம்மா, உங்கள் ஐக்கியம் நேரடியாக எத்தியோப்பியாவுக்குப் பணம் அனுப்ப முடியும் என்று நம்பி எந்தத் தீர்மானமும் போட்டுவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணவனுப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பது தனிநபருக்கு மட்டும் உரியது. நன்கொடையும் அதில் அடங்கும். சங்கத்துக்கும் அறக்கட்டளைக்கும் அந்த வழி கிடையாது. மேலும் ஓர் அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால், நேரடி வரிகள் வாரியத்தின் தனி உத்தரவு இல்லாமல் அந்தத் தொகைக்கு வரிவிலக்குக் கிடைக்காது. எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கிறதே என்பார்கள். அது வெளிநாட்டுப் பணத்தைப் பெறுவதற்கான சட்டம், அனுப்புவதற்கு அதனால் பயனில்லை. விருப்பமுள்ளவர்கள் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்து தனித்தனியாக அனுப்பலாம். அதற்கு நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது.

குடும்பத் தொண்டுகளைப் பற்றி என் அனுபவம். குடும்பம் நடத்துவது குற்றமில்லை. பல நல்ல வேலைகள் அப்படித்தான் தொடங்கியிருக்கின்றன. நான் ஆவணங்களில் முதலில் பார்ப்பது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை. அடுத்து, காசோலையில் இரண்டாவது கையெழுத்து மனைவியுடையதா, வெளியாளுடையதா என்று பார்ப்பேன். பிறகு சம்பளப் பட்டியலில் ஒரே இன்ஷியல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவேன். இவை மூன்றும் சரியாக இருந்தால், நிறுவனர் ஓர் ஆண்டு படுக்கையில் விழுந்தால் யார் முடிவெடுப்பார் என்று அவரிடமே கேட்பேன். அதற்குக் கோபப்படாத நிறுவனரை நான் மிகக் குறைவாகவே சந்தித்திருக்கிறேன். உங்கள் கணக்கு நோட்டில் ஒட்டியிருக்கும் மணியார்டர், இந்தக் கேள்வியை யாரும் கேட்காததால் திரும்பி வந்தது.

ஹாம்லின் அமைப்பில் எனக்குத் தெரிந்தவரை ஏற்பாடு இதுதான்: எத்தியோப்பியாவில் பதிவு பெற்ற உள்நாட்டுத் தொண்டு நிறுவனம் மருத்துவமனைகளை நடத்துகிறது, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் தனித்தனி அறக்கட்டளைகள் பணம் திரட்டித் தருகின்றன. குடும்பத்தின் கையில் சொத்து இல்லை. ஆனால் குடும்பத்தின் பெயரில்தான் பணம் வருகிறது என்பதையும் கவனியுங்கள். வெள்ளைக் கோட்டு அணிந்த அந்தப் பாட்டியின் முகத்தைப் பார்த்துக் கொடுத்தவர்களின் பிள்ளைகள், முகம் தெரியாத எத்தியோப்பிய மருத்துவர் ஒருவரை நம்பி அதே அளவு கொடுப்பார்களா? என் ஐயம் அங்கேதான் இருக்கிறது, நிர்வாகத்தில் இல்லை.

10. பழுப்பேடு

அந்த ஐயத்துக்கு ஒப்பாக ஒரு பழைய வழக்கு. ஆல்பர்ட் ஷ்வைட்சரை நம்மவர்கள் திருக்குறளை வியந்து எழுதிய ஐரோப்பியர் என்று மேடைகளில் மேற்கோள் காட்டுவோம். அவர் 1913-இல், செவிலியராகப் பயின்ற மனைவி ஹெலனுடன், இன்றைய காபோனின் லாம்பரேனேயில் தொடங்கிய மருத்துவமனையும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் தொண்டே. முதல் அறுவைகள் ஒரு பழைய கோழிக் கொட்டகையில் நடந்தன. ஐரோப்பாவில் ஆர்கன் வாசித்தும் நூல் எழுதியும் பணம் சேர்த்தார். 1965-இல் அவர் இறந்ததும் மகள் ரேனா பொறுப்பேற்றார். ஐம்பது ஆண்டுக் காலத்தில் உள்ளூரிலிருந்து மருத்துவர்களை உருவாக்கவில்லை, ஆப்பிரிக்கரைத் தம்பியாகவே நடத்தினார் என்ற குறை அவர் உயிரோடிருந்தபோதே எழுந்தது. மருத்துவமனை இன்றும் இருக்கிறது என்பது உண்மை. மாமிட்டுவைப் போல ஒருவர் அங்கே உருவாகவில்லை என்பதும் உண்மை.

11. கேள்விக்குறி

இழையை முதலிலிருந்து மறுபடி படித்தேன். லேபர்வார்டு அம்மாவின் முதல் பதிவிலேயே எனக்கான விடையும், உங்கள் எல்லோருக்குமான மறுப்பும் இருக்கின்றன என்று தோன்றுகிறது. தமிழ்நாட்டில் இந்த நோயை ஒழித்தது இரவில் திறந்திருக்கும் சுகாதார நிலையமும் வண்டியும் என்றார். எத்தியோப்பிய அரசும் 2003 முதல் ஊருக்கு இரண்டு பெண்கள் வீதம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுகாதார விரிவாக்கப் பணியாளர்களை நியமித்தது; பெண்ணின் மணவயதை 2000-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தில் பதினெட்டாக உயர்த்தியது. உலகில் சிகிச்சை பெறாமல் இந்த நோயோடு வாழும் பெண்கள் இருபது இலட்சம் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் மதிப்பிட்டது. அறுபது ஆண்டுகளில் அறுபதாயிரம் என்பது மிகப் பெரிய உழைப்பு, ஆனால் அந்த இருபது இலட்சத்துக்கு முன் அது எவ்வளவு என்பதையும் கூட்டத்தில் சொல்லுங்கள். அறுவைக்குக் கொடுப்பதைவிட அந்த மருத்துவச்சிக் கல்லூரிக்குக் கொடுப்பதை நான் எதிர்க்க மாட்டேன். இது என்னிடமிருந்து வரும் பெரிய சலுகை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

12. லேபர்வார்டு

சலுகையை ஏற்றுக்கொள்கிறேன், தம்பி. ஒன்று மட்டும் சொல்கிறேன். சாலை வரும் வரை வராந்தாவின் கடைசியில் உட்கார்ந்திருப்பவளிடம் போய் இருபது இலட்சக் கணக்கைச் சொல்ல முடியாது.

13. தாமிரபரணிக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை செயற்குழு கூடியது. இந்த இழையின் பதிவுகளை அச்செடுத்துக் கொண்டுபோய் வாசித்தேன். கேள்விக்குறி தம்பியின் பதிவுகளைத்தான் எல்லோரும் இருமுறை வாசிக்கச் சொன்னார்கள்.

காணிக்கைப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்று கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதைக் கேட்டதும் சிலருக்கு முகம் வாடியது. ஐந்து பேர் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து மருத்துவச்சிக் கல்லூரிக்கென்று குறிப்பிட்டு அனுப்ப முன்வந்திருக்கிறார்கள். அவர்களில் இருவரின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் அங்கிருந்தே அனுப்புவது எளிது என்கிறார்கள். கம்பளிச் சதுரம் பின்னித் தரலாமே என்று எண்பது வயது அம்மா ஒருவர் கேட்டார். பாளையங்கோட்டை வெயிலில் கம்பளி பின்னுவதா என்று எல்லோரும் சிரித்தாலும், அவர் ஊசியை எடுத்துவிட்டார். அரிசிக் காணிக்கையை என்ன செய்வது என்பதில் உடன்பாடு இல்லை. மலையடிவாரக் குடியிருப்புகளிலிருந்து பிரசவத்துக்கு வரும் பெண்களோடு துணைக்கு வருபவர்களின் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் கொடுக்கலாம் என்று பாதிப் பேரும், வேறு வழி தெரியும் வரை வங்கியில் வைத்திருக்கலாம் என்று மீதிப் பேரும் சொல்கிறார்கள்.

லேபர்வார்டு அக்கா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டத்தில் இந்த நோயைப் பற்றி எங்கள் பெண்களுக்கு நீங்களே விளக்க வேண்டும். போக்குவரத்துச் செலவை ஐக்கியம் ஏற்கும். ஆயர் ஐயாவும் முன்வரிசையில் இருப்பார். அதனால் பேசக் கூச்சம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அவரை ஜெபம் முடிந்ததும் அனுப்பிவிடுகிறோம்.

14. லேபர்வார்டு

வருகிறேன், அம்மா. ஆயர் இருக்கட்டும், அவர்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். பயிற்சிப் பள்ளியில் கழித்துக்கட்டிய இடுப்பெலும்பு மாதிரி ஒன்றும், துணியில் செய்த பொம்மைக் குழந்தை ஒன்றும் என் பரணில் இருக்கின்றன. தலை எங்கே மாட்டும் என்பதை அதில் காட்டினால் ஐந்தே நிமிடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிடும். ஒரு மேசை மட்டும் உயரமாகப் போட்டுவையுங்கள்.